மூலையில ஒளிஞ்சுக்கிற கினி பிக்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல கினி பிக்ங்கற குட்டி வளர்ப்புப் பிராணி பத்தி ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்தேன், வாங்கிட்டு வந்த முதல் வாரம் அதைத் தூக்கிக் கொஞ்சாதீங்கன்னு. அதுக்கு இவ்வளவு கேள்வி வரும்னு நினைக்கவே இல்ல. எல்லாத்தையும் படிச்சேன், ஒரே மாதிரி கேட்டவங்களுக்குச் சேர்த்து பதில் சொல்றேன், அவசரமா இருந்த ரெண்டு மூணு பேருக்கு அப்பவே தனியா பதில் போட்டுட்டேன்.

ரெண்டு கினி பிக் வாங்கிட்டு வந்து நாலு நாள் ஆச்சுங்க. எந்நேரமும் மூலையில ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கு. கிட்ட போனா சிலை மாதிரி உறைஞ்சு போயிடுது. நாங்க பார்க்கறப்ப ஒரு வாய்கூட சாப்பிடறதில்ல. எங்களைப் பிடிக்கலையோன்னு பசங்க அழுவுறாங்க.

பிடிக்குது பிடிக்கலங்கற கட்டத்துக்கே அதுங்க இன்னும் வரலங்க. இப்போதைக்கு அதுங்க கண்ணுக்கு நீங்க யாருன்னா, மேல இருந்து கையை நீட்டிக்கிட்டு வர்ற ஒரு பெரிய உருவம். கினி பிக்கோட பூர்வீகம் தென் அமெரிக்காவுல ஆண்டிஸ் மலைப்பக்கம், அங்க மனுஷங்க பல ஆயிரம் வருஷமா இதை வளர்க்கறாங்க, ஆனாலும் அதோட காட்டுச் சொந்தக்காரங்க இன்னிக்கும் புல்லுக்குள்ள கூட்டம் கூட்டமா பதுங்கி வாழறதுங்கதான். பருந்து, பாம்பு, நரின்னு எல்லாத்துக்கும் இரை. கடிக்கவோ பிராண்டவோ பெருசா தெம்பு கிடையாது, வேகமா ஓடி ஒளியணும், இல்லன்னா அசையாம நிக்கணும், இந்த ரெண்டே வழிதான். உங்க வீட்டு மூலையில நடக்கறதும் அதேதான்.

அதனால முதல்ல அதுங்களுக்கு ஒளிய இடம் கொடுங்க. அட்டைப்பெட்டி போதும், ஆனா ஆளுக்கு ஒண்ணு, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு வாசல் வெட்டணும், ஏன்னா ஒரே வாசல் இருந்தா ஒண்ணு உள்ள போய் இன்னொண்ணை மடக்கிப் போட்டுடும். ஒளிய இடம் இருந்தா வெளியவே வராதேன்னு நிறைய பேர் நினைக்கறாங்க, நடக்கறது நேர் எதிர், ஓடி ஒளிய இடம் இருக்குன்னு தெரிஞ்சாதான் தைரியமா வெளிய வரும். கூண்டுக்குப் பாதி மேல ஒரு துணியைப் போட்டு விடுங்க. டிவி பக்கத்துலயோ கதவு அடிச்சுக்கற இடத்துலயோ வைக்காதீங்க, வெயில் நேரா விழற ஜன்னலும் வேண்டவே வேண்டாம். 18ல இருந்து 24 டிகிரி வரைக்கும்தான் அதுங்களுக்கு சுகம், வேர்த்து உடம்பைக் குளிர வச்சுக்க முடியாத பிராணி, 27, 28 தாண்டினாலே கவனிக்கணும். ஐஸ் வச்ச பாட்டிலைத் துணியில சுத்தி ஒரு ஓரமா வச்சா அதுவே போய் ஒட்டிக்கிட்டுப் படுத்துக்கும்.

அப்புறம் பசங்களுக்கு ஒரு வேலை கொடுங்க. தினமும் ஒரே நேரத்துல கூண்டுக்குப் பக்கத்துல தரையில உக்காந்து, அதுங்களைப் பார்க்காம, பாடப் புத்தகத்தை மெதுவான குரல்ல படிக்கச் சொல்லுங்க. ரெண்டு மூணு நாள் கழிச்சு ஒரு கொத்தமல்லித் தண்டைக் கையில பிடிச்சுக்கிட்டு, மேல இருந்து இல்லாம பக்கவாட்டுல, தரையோட தரையா கையை வச்சுக்கிட்டு அப்படியே உக்காரட்டும். முதல்ல மூக்கு மட்டும் வெளிய வரும், மீசை துடிக்கும், கழுத்தை ரப்பர் மாதிரி நீட்டி தண்டோட நுனியைக் கவ்விக்கிட்டு சரக்குனு உள்ள ஓடிடும். அந்த நிமிஷம் உங்க பசங்க மூச்சுகூட விட மாட்டாங்க பாருங்க. சிலது ஒரு வாரத்துல பழகும், சிலதுக்கு ரெண்டு மாசம்கூட ஆகும், அது அதோட சுபாவம்.

ஒண்ணே ஒண்ணு மட்டும் கண்டிப்பா பாருங்க, காலையில எழுந்ததும் புல் குறைஞ்சிருக்கா, புழுக்கை கிடக்கான்னு. நீங்க தூங்கினப்புறம் சாப்பிட்டா போதும், அது பயம் மட்டும்தான். புல்லும் குறையல புழுக்கையும் இல்லன்னா அது பயம் இல்ல, நோய், அன்னிக்கே டாக்டர்கிட்ட போகணும்.

தூக்கற காலம் வர்றப்ப ஒரு கை நெஞ்சுக்குக் கீழ, இன்னொரு கை பின்பக்கத்தைத் தாங்கிக்கிட்டு, உங்க மாரோட அணைச்சுப் பிடிங்க. சின்னப் பசங்க தரையில உக்காந்தபடிதான் வச்சுக்கணும். துள்ளிக் குதிச்சு இடுப்பு உயரத்துல இருந்து விழுந்தாலே கால் உடையும், பல் உடையும்.

அக்கா, நான் ஆறாவது படிக்கிறேன். எங்க கினி பிக் திடீர்னு மேல குதிச்சு காத்துலயே உடம்பைத் திருப்பி விழுது, மறுபடி குதிக்குது. வலிப்பு வந்திருக்கான்னு பயமா இருக்கு.

பயப்படாத தம்பி, அது சந்தோஷம் தாங்காம குதிக்கறது! சட்டியில பாப்கார்ன் வெடிக்கிற மாதிரி இருக்கறதால அதுக்குப் பேரே பாப்கார்னிங்தான். குட்டிங்க நிறைய பண்ணும், பெருசானா கொஞ்சம் குறையும், புதுப் புல் போட்டதும் கூண்டு சுத்தம் பண்ணினதும் பண்ணும். குதிச்சு முடிச்சுட்டு ஒண்ணும் நடக்காத மாதிரி ஓடும், சாப்பிடும். நிஜ வலிப்புன்னா ஒரு பக்கமா சாய்ஞ்சு விழுந்து காலை உதைச்சுக்கும், எழுந்திருக்க முடியாது. சொறிப் பூச்சி ரொம்ப முத்திப்போனா அந்த அரிப்பு தாங்காமகூட வலிப்பு மாதிரி வரும், அப்படி ஏதாவது பார்த்தா உடனே அம்மா அப்பாகிட்ட சொல்லி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகச் சொல்லு.

நீ கேக்காட்டியும் சத்தத்தைப் பத்தியும் சொல்லிடறேன், ஏன்னா கினி பிக் மாதிரி வாயாடற சின்னப் பிராணி வேற இல்ல. ஃப்ரிட்ஜ் கதவு திறக்கற சத்தம் கேட்டதும் "ஊய்க் ஊய்க்"னு வீடே அதிர கத்துதா, அது உன்னைக் கூப்பிடுது, சாப்பாடு கொண்டான்னு. மடியில வச்சுத் தடவறப்ப தணிஞ்ச குரல்ல "குர்ர்ர்"னு, உடம்பு தளர்வா இருந்தா சுகமா இருக்குன்னு அர்த்தம். அதே குர்ர் உடம்பை விறைப்பா வச்சுக்கிட்டு சின்னதா வெட்டின மாதிரி வந்தா ஏதோ பிடிக்கல, கையை எடுத்துடு. இன்னொரு கினி பிக்கைச் சுத்தி இடுப்பை ஆட்டி ஆட்டி நடந்துக்கிட்டே உறுமினா அது நான்தான் இங்க பெரியவன்னு காட்டறது, இல்லன்னா ஜோடி தேடறது. பல்லை நறநறன்னு அடிச்சா கோபம், அப்போ கையை நடுவுல விடாத, ரத்தம் வர்ற அளவுக்குக் கடிக்கும். நடந்து போறப்ப தனக்குத்தானே முணுமுணுன்னு பேசிக்கிட்டே போகும் பாரு, அது சும்மா சுத்திப் பார்க்கறப்ப வர்றது, எனக்கு எல்லாத்துலயும் பிடிச்ச சத்தம் அதான்.

பெல்லட்டும் (பாக்கெட்டுல வர்ற உருண்டைத் தீவனம்) கேரட்டும் நல்லா சாப்பிடுது, காய்ஞ்ச புல் போட்டா தொடறதில்ல, அதனால புல் வாங்கறதையே நிறுத்திட்டோம். மூணு மாசமா முடி பளபளப்பு போய் சொரசொரன்னு இருக்கு, இப்போ ஓடறதும் குறைஞ்சு காலை இழுத்து இழுத்து நடக்குது. வயசாயிடுச்சா? ஒண்ணரை வயசுதான் ஆகுது.

வயசு இல்லங்க, 5ல இருந்து 8 வருஷம் வரைக்கும் வாழற பிராணி. நீங்க சொல்ற அறிகுறியை வச்சுப் பார்த்தா வைட்டமின் சி குறைபாடா இருக்கத்தான் நிறைய வாய்ப்பு. நாய், பூனை, எலி எல்லாம் அதைத் தன் உடம்புக்குள்ளயே தயாரிச்சுக்கும், கினி பிக்காலயும் மனுஷனாலயும் அது முடியாது, தினமும் சாப்பாட்டுல இருந்துதான் வரணும். வரலன்னா அந்தக் காலத்துல கப்பல்ல மாசக்கணக்கா போன மாலுமிங்களுக்கு வந்த அதே ஸ்கர்விதான், மூட்டு வீங்கும், ஈறுல ரத்தம் வரும், நடக்க வலிக்கும். டாக்டர்கிட்ட காட்டுங்க, எவ்வளவு கொடுக்கணும்னு எடை பார்த்து அவர் சொல்வாரு, சாதாரணமா ஒரு கிலோ எடைக்கு தினம் 10ல இருந்து 30 மில்லிகிராம் தேவைப்படும், சினையா இருக்கறதுக்கு அதுக்கு மேல.

பெல்லட் பாக்கெட்டுல வைட்டமின் சி சேர்த்ததுன்னு போட்டிருக்கேன்னு கேப்பீங்க. போட்டிருக்கும், ஆனா தயாரிச்ச நாள்ல இருந்தே அது குறைஞ்சுக்கிட்டே வரும், சுமார் மூணு மாசத்துல பெரும்பகுதி போயிடும், அதனால பெரிய மூட்டையா வாங்கி மாசக்கணக்குல வைக்காதீங்க. தண்ணியில சொட்டு மருந்தா கலக்கறதும் சரிப்படாது, வெளிச்சம் பட்டு சீக்கிரம் வீணாகும், ருசி மாறிப்போய் தண்ணி குடிக்கறதையே அது குறைச்சுக்கும். சிவப்பு குடைமிளகாய் தினம் ஒரு துண்டு கொடுங்க, 100 கிராமுக்கு 120 மில்லிகிராமுக்கு மேலயே இருக்கு, ஆக ஒரு 20 கிராம் துண்டே போதும். கேரட்டுல இனிப்புதான் ஜாஸ்தி, சி கொஞ்சம்தான், அதை எப்பவாவது தின்பண்டம் மாதிரி வச்சுக்கங்க.

இப்போ புல்லுக்கு வர்றேன், இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கறேன், நிறுத்தாதீங்க. கினி பிக்குக்கு மொத்தம் 20 பல்லு, முன்பல் மட்டும் இல்ல, கடைவாய்ப் பல்லும் சாகற வரைக்கும் வளர்ந்துக்கிட்டே இருக்கும். நீளமான புல்லை அரைச்சு அரைச்சு சாப்பிட்டாதான் கடைவாய்ப் பல் தேயும், கட்டையைக் கடிச்சா முன்பல்தான் தேயும். தேயாத கடைவாய்ப் பல் நாக்கு மேல பாலம் மாதிரி வளைஞ்சு வளர்ந்து, பசி இருந்தும் முழுங்க முடியாம பட்டினியிலயே போயிடும். வயிறும் அப்படித்தான், நார் உள்ள போய்க்கிட்டே இருந்தாதான் குடல் ஓடும். சாப்பாட்டுல நூத்துக்கு எண்பது பங்கு புல்லா இருக்கணும், திமோதி மாதிரி புல், ராத்திரி பகல் எந்நேரமும் கூண்டுல இருக்கணும். குதிரைமசால்ங்கற தீவனப் பயிர் கால்சியம் ஜாஸ்தி உள்ளது, ஆறு மாசத்துக்குள்ள இருக்கற குட்டிக்கும் சினையா இருக்கறதுக்கும் மட்டும்தான், மத்ததுக்குப் போட்டா மூத்திரப்பையில கல்லு வரும்.

புல் தொடாததுக்குக் காரணம் வயிறு பெல்லட்லயே நிரம்பிடறதுதான். ஒரு நாளைக்கு ஒண்ணு ரெண்டு டேபிள்ஸ்பூன் அளவுக்கு பெல்லட்டைக் கொண்டு வாங்க, ஒரேயடியா நிறுத்திடாம நாலஞ்சு நாள்ல கொஞ்சம் கொஞ்சமா. புல்லு பச்சை நிறமா, வாசனையா, தூசி இல்லாம இருக்கான்னு முகர்ந்து பாருங்க, மக்கின வாடை அடிச்சா அதுவும் சாப்பிடாது, நாமளும் போடக்கூடாது. உருளைக்கிழங்கு, வெங்காயம், பூண்டு, அவகாடோ, பால், பிரெட், சாக்லேட் எதுவும் கூடாது.

சுத்தற சக்கரம் வாங்கி வைக்கலாமா? வாரம் ஒரு தடவை குளிப்பாட்டலாமா?

ரெண்டும் வேண்டாம். அதோட முதுகெலும்பு சக்கரத்துல வளைய ஏத்தது இல்ல, உருளற பந்தும் அப்படித்தான். அந்தக் காசுல கூண்டைப் பெருசாக்குங்க, ரெண்டு கினி பிக்குக்கு குறைஞ்சது ஏழரை சதுர அடி தரை வேணும், மாடி மாடியா உயரம் இருந்து பிரயோஜனம் இல்ல, ஏறற பிராணி இல்ல, ஓடற பிராணி. கம்பித் தரை இருந்தா பாதம் புண்ணாகும். குளியல் ரொம்ப அழுக்கானா மட்டும்தான், அதுவும் வெதுவெதுப்பா, உடனே ஈரம் போகத் துடைச்சு.

தன் புழுக்கையைத் தானே தின்னுது! அருவருப்பா இருக்கு, எப்படி நிறுத்தறது?

நிறுத்தாதீங்க, நிறுத்தவும் முடியாது. அது ரெண்டு வகையா போடும், காய்ஞ்ச கெட்டிப் புழுக்கை கழிவு, மெத்துனு இருக்கற இன்னொண்ணை வெளிய விழறதுக்கு முன்னாடியே தலையைக் குனிஞ்சு எடுத்துச் சாப்பிட்டுடும். முதல் தடவை குடல்ல செரிக்காத சத்தும், பி வைட்டமின்களும் அதுலதான் இருக்கு. மாடு அசை போடற மாதிரின்னு வச்சுக்கங்க.

ஒண்ணே ஒண்ணுதான் வாங்கினோம், ரொம்ப டல்லா இருக்கு. வீட்டுல முயல் இருக்கு, அதோட விட்டா துணையா இருக்குமா? இல்ல இன்னொரு கினி பிக் வாங்கறதா இருந்தா ஆணா பெண்ணா?

முயலோட விடாதீங்க. முயல் உதைச்சா இது தாங்காது, அதோட முயல் மூக்குல சாதாரணமா இருக்கற ஒரு கிருமி முயலை ஒண்ணும் பண்ணாம கினி பிக்குக்கு நிமோனியாவைக் கொண்டு வந்துடும், சாப்பாடும் வேற வேற. துணைன்னா இன்னொரு கினி பிக்தான். ஸ்விட்சர்லாந்துல 2008ல இருந்து கினி பிக்கைத் தனியா ஒண்ணு மட்டும் வளர்க்கறது சட்டப்படியே தப்பு, அந்த அளவுக்கு அது கூட்டத்துல வாழற ஜீவன். நாம எவ்வளவு கொஞ்சினாலும் அதோட பாஷையில பதில் சொல்ல முடியாதே.

ரெண்டு பெண், இல்ல கருத்தடை பண்ணின ஆணும் பெண்ணும், இல்ல சின்ன வயசுல இருந்தே சேர்ந்து வளர்ந்த ரெண்டு ஆண், இதுல எதுவும் சரி. புதுசா வர்றதை ரெண்டு மூணு வாரம் தனி அறையில வச்சு, சொறி, சளி இல்லன்னு பார்த்துட்டு, அப்புறம் ரெண்டுக்கும் புது இடமா ஒரு பெரிய தரையில நிறைய புல்லைக் குவிச்சு விடுங்க. துரத்தும், உறுமும், மேல ஏறும், அதெல்லாம் யாரு பெரியவன்னு முடிவு பண்ற வேலை, விட்டுடுங்க. உருண்டு புரண்டு கடிச்சுக்கிட்டா மட்டும் ஒரு கெட்டித் துண்டைப் போட்டுப் பிரிங்க.

ஆனா வாங்கற இடத்துல ரெண்டும் பெண்ணுதான்னு சொன்னா அப்படியே நம்பாதீங்க. எனக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க, நானும் சரி பார்க்கல. ரெண்டு மாசம் கழிச்சு ஒரு நாள் விடியக்காலையில தண்ணி மாத்தப் போனேன், புல்லுக்குள்ள ஏதோ ஈரமா அசைஞ்சுது. எலி புகுந்துடுச்சோன்னு பதறிப்போய் விலக்கிப் பார்த்தா மூணு குட்டி, முழுசா முடியோட, கண்ணைத் திறந்து என்னையே பார்க்குது, அதுல ஒண்ணு பிறந்து சில மணி நேரம்கூட ஆகியிருக்காது, அதுக்குள்ள அம்மா பக்கத்துல நின்னு ஒரு புல்லைக் கவ்வி மென்னுக்கிட்டு இருக்கு. இன்னிக்கும் அந்தக் காட்சி கண்ணுக்குள்ள நிக்குது. அதிர்ஷ்டம்தான்னு சொல்லணும், ஏன்னா அந்தத் தாய் ரொம்பச் சின்னது. ஏழு மாசம் வரைக்கும் குட்டியே போடாத பெண் அதுக்கப்புறம் முதல் தடவையா சினையானா இன்னும் ஆபத்து, இடுப்பெலும்பு இறுகிப்போய் குட்டி வெளிய வர முடியாம தாயே போயிடலாம். சினைக்காலம் 59ல இருந்து 72 நாள், குட்டி போட்ட சில மணி நேரத்துலயே மறுபடி சினை பிடிக்கும், அதனால ஆணை அதுக்கு முன்னாடியே பிரிச்சுடணும். ஆண் குட்டியை மூணு வாரத்துல தாய்கிட்ட இருந்தும் அக்கா தங்கச்சிகிட்ட இருந்தும் பிரிக்கணும், அவ்வளவு சீக்கிரம் அதுக்கு வயசு வந்துடும். எது ஆண் எது பெண்ணுன்னு வாங்கின வாரமே ஒரு கால்நடை டாக்டர்கிட்ட காட்டித் தெரிஞ்சுக்கங்க.

தூங்கறப்ப கண்ணை மூடறதே இல்ல, கண்ணுல இருந்து பால் மாதிரி ஏதோ வருது.

திறந்த கண்ணோட குட்டி குட்டியா தூங்கறதுதான் பழக்கம். உங்க முன்னாடி கண்ணை மூடி, காலை நீட்டிப் படுத்துத் தூங்கினா அது உங்களை நம்பிடுச்சு. பால் மாதிரி வர்றது முகம் கழுவறதுக்காக அதுவே சுரக்கறது, கொஞ்ச நேரத்துல காணாம போகும். நாள் முழுக்க ஒட்டிக்கிட்டே இருந்தா, மூக்குலயும் சளி இருந்தா டாக்டர்.

நேத்து ராத்திரியில இருந்து முடியைச் சிலிர்த்துக்கிட்டு உம்முனு உக்காந்திருக்கு, குடைமிளகாயைக்கூட முகர்ந்துட்டு விட்டுடுச்சு. இன்னிக்கு ஒரு நாள் பார்க்கலாமா? வீட்டுல குழந்தைக்கு வாங்கின ஆன்டிபயாடிக் சிரப் மீதி இருக்கு, ரெண்டு சொட்டு கொடுக்கலாமா?

(இவங்களுக்கு அன்னிக்கே பதில் அனுப்பிட்டேன், எல்லாரும் தெரிஞ்சுக்கணும்னு இங்க போடறேன்.)

அந்த சிரப்பைக் கையால தொடாதீங்க. அமாக்சிசிலின், ஆம்பிசிலின் மாதிரி பென்சிலின் வகை மருந்து வாய் வழியா போனா கினி பிக் குடல்ல இருக்கற நல்ல கிருமியெல்லாம் செத்து, விஷக்கிருமி பெருகி, சில நாள்லயே உயிரை எடுத்துடும். நமக்கும் நாய்க்கும் ஒத்துக்கற மருந்துன்னு டாக்டர்களே சில பேர் தெரியாம எழுதிடறது உண்டு, அதனால அவர்கிட்டயும் மரியாதையா கேளுங்க, "இது பென்சிலின் வகையா சார்?"னு.

நாளைக்குப் பார்க்கலாங்கறதும் வேண்டாம், இன்னிக்கே கிளம்புங்க. இரைப் பிராணிக்கு நோயை மறைக்கறதுதான் பழக்கம், கூட்டத்துல நோஞ்சான் எதுன்னு தெரிஞ்சா அதைத்தானே பருந்தோ நரியோ முதல்ல தூக்கும். அதனால அது படுத்துக்கிச்சுன்னு நம்ம கண்ணுக்குத் தெரியறப்பவே பாதி தூரம் போயிருக்கும். அரை நாள் சாப்பிடாம இருந்தாலே குடல் நிக்க ஆரம்பிக்கும், 24 மணி நேரம்னா உயிருக்கு ஆபத்து. இதை முன்கூட்டியே பிடிக்க எனக்குத் தெரிஞ்சு ஒரே வழி கிச்சன் தராசு, வாரம் ஒரு நாள் ஒரு கிண்ணத்துல உக்கார வச்சு எடை போட்டு நோட்டுல எழுதுங்க, 50 கிராம் குறைஞ்சா உஷாராகணும், 100 கிராம் குறைஞ்சா வெளிய பார்க்க நல்லா இருந்தாலும் டாக்டர்கிட்ட போயிடணும்.

போறப்ப பெட்டியில நிறைய புல்லும், மேல ஒரு துணியும் போடுங்க. இன்னிக்குப் போட்ட புழுக்கையைக் காகிதத்துல மடிச்சு எடுத்துட்டுப் போங்க, சின்னதா போயிருக்கா, நீளமா கூம்பா இருக்கான்னு டாக்டர் பார்ப்பாரு. அதோட ஜோடியையும் அதே பெட்டியில கூட்டிட்டுப் போங்க, பக்கத்துல அது இருந்தா இதுக்குப் பயம் பாதி குறையும், ஜோடி புல்லைக் கடிக்கறதைப் பார்த்துட்டு தானும் ஒரு வாய் கடிச்ச கதை எங்க வீட்டுலயே நடந்திருக்கு.